பட்டன், பட்டன், பட்டன்: மருத்துவமனைத் தளத்தின் கோளாறைக் காதால் பிடிப்பது

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போனில் போட்டுக்கொண்டு பேங்க் வேலை, வாட்ஸப் என்று எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வார். ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். "தம்பி, ஆஸ்பத்திரி தளத்துல டோக்கன் போடலாம்னு உக்காந்தேன். அரை மணி நேரமா 'பட்டன், பட்டன், பட்டன்'னு மட்டும்தான் சொல்லுது. எந்த பட்டன்னு சொல்ல மாட்டேங்குது."

அந்தத் தளத்தைப் பராமரித்த குழுவில் அப்போது நானும் இருந்தேன். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். முந்தைய வாரம்தான், மாற்றுத்திறனாளிகளால் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைக் கருவியை ஓட்டி, எல்லாம் பச்சையாக வந்ததைப் படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தோம். பச்சை டிக் எங்களுக்குக் கிடைத்தது, டோக்கன் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதிலிருந்து நான் கருவியை இரண்டாவதாகத்தான் ஓட்டுகிறேன். முதலில் காதும் விரலும். கீழே இருப்பது அப்படிச் சேர்ந்த குறிப்புகள். உங்கள் தளம் என்ன நோய்க்குறி காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

தொடங்கும் முன்

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுங்கள். அமைப்புகளில் டாக்பேக்கையும் தமிழ்க் குரலையும் போட்டுக்கொள்ளுங்கள். குறுக்குவழியை இயக்கிவிட்டால் ஒலி கூட்டும் குறைக்கும் இரண்டு பட்டன்களையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் போதும், டாக்பேக் வரும், போகும். வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த உருப்படி. இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். இதைப் பழகியதும் திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு ஒரு வேலையைச் செய்து பாருங்கள்: "செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் உண்டா? உண்டென்றால் ஒரு டோக்கன்."

கம்ப்யூட்டரில் என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையை வாசிக்கும் மென்பொருள், போதும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திட்டம், காசு கிடையாது. மவுசைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுங்கள். எச் (H) விசை தலைப்புகளுக்கு, எஃப் (F) படிவக் கட்டங்களுக்கு, பி (B) பட்டன்களுக்கு, டி (T) அட்டவணைகளுக்கு. இந்த நான்கை அழுத்தியே தளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை மெனக்கெடல்? கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. டாக்டர் வராத நாளில் வந்து இறங்கியவருக்குப் பஸ் காசும் போச்சு, அன்றைய இலை பறிக்கும் கூலியும் போச்சு. கூட வந்தவரின் கூலியும் சேர்த்து. சமவெளியில் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதற்கும் இங்கே சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

பக்கம் திறந்ததும் ஊமையாகிறது, அல்லது தமிழைக் கொறித்துக் கொறித்து வாசிக்கிறது

பக்கத்தின் மொழிக்குறிப்பைப் பாருங்கள். எச்டிஎம்எல் தொடக்கக் குறியில் 'லாங்' (lang) என்ற பண்பு இருக்கும். வார்ப்புருவை (டெம்ப்ளேட்) வாங்கி மாட்டிய தளங்களில் அது பெரும்பாலும் ஆங்கிலம் என்றே கிடக்கும். எந்தக் குரலில் வாசிப்பது என்பதை என்விடிஏ போன்ற மென்பொருள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலிடம் கொடுத்தால் அது எழுத்தெழுத்தாக இழுக்கும், அல்லது சத்தமில்லாமல் தாண்டிப்போகும். அந்த மதிப்பை டி-ஏ (ta) என்று மாற்றுங்கள். இரண்டெழுத்துத் திருத்தம்தான், இந்தப் பட்டியலிலேயே மலிவானது.

தமிழும் ஆங்கிலமும் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால், மாற்றும்போது மொழிக்குறிப்பும் சேர்ந்து மாறுகிறதா என்று பாருங்கள். எங்கள் தளத்தில் எழுத்து மாறியது, குறிப்பு மாறவில்லை. நடுவில் ஆங்கில எழுத்தில் வரும் மருந்துப் பெயர்களுக்குத் தனியாக மொழிக்குறிப்பு கொடுங்கள்.

"பட்டன், பட்டன், பட்டன்"

வெறும் ஐகானாக இருக்கும் பட்டனுக்குப் பெயர் இல்லாதபோது இப்படிச் சொல்லும். அதைக் கருவியே கண்டுபிடித்துவிடும். எங்களுடையது அதைவிட மோசம். வார்ப்புரு எழுதியவர் ஒவ்வொரு ஐகானுக்கும் ஸ்கிரீன் ரீடருக்குப் பெயர் சொல்லும் ஏரியா-லேபிள் (aria-label) என்ற பண்பில் 'பட்டன்' என்றே எழுதிவைத்திருந்தார். பெயர் உண்டா என்று மட்டும் கேட்கும் கருவிக்கு அது போதும், பச்சை டிக். குழந்தைக்குக் 'குழந்தை' என்றே பெயர் வைத்தது போல.

கூடுமானவரை ஐகானுக்குப் பக்கத்திலேயே சொல்லை எழுதுங்கள்: 'டோக்கன் எடுக்க', 'ரிப்போர்ட் பார்க்க'. கண் தெரிந்தவருக்கும் அந்த ஐகான்கள் பாதி புரிவதில்லை. 'மேலும் படிக்க' என்று பத்து இணைப்புகள் இருப்பதும் இதே நோய்தான். இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு எதைப் பற்றி மேலும் படிப்பது என்று எப்படித் தெரியும்?

படிவத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அனுப்பினால் ஒன்றுமே நடப்பதில்லை

கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் 'பெயர்' என்று எழுதிவிட்டு லேபிளை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. தட்டத் தொடங்கியதும் அந்தச் சாம்பல் எழுத்து போய்விடும். ஞாபக மறதி உள்ளவர் நடுவில் நின்றால் எந்தக் கட்டம் எது என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே நிலையான லேபிள் வேண்டும். அது கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, நிரலிலும் கட்டத்தோடு பிணைந்திருக்க வேண்டும்.

அனுப்பியதும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், நடந்தது கண்ணுக்கு மட்டும் நடந்ததுதான். பிழையான கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருப்பீர்கள். பிழையைச் சொற்களில், அந்தக் கட்டத்தின் அருகிலேயே எழுதுங்கள்: 'போன் எண்ணில் 10 இலக்கம் வேண்டும், 9 தான் இருக்கிறது'. அந்த வரியைக் கட்டத்தோடு இணைத்து, குவியத்தை (ஃபோகஸ், அதாவது விசைப்பலகையும் ஸ்கிரீன் ரீடரும் நிற்கும் இடம்) முதல் பிழைக்குக் கொண்டுபோங்கள். நிரப்பிய மற்றக் கட்டங்களை அழிக்காதீர்கள்.

பிறந்த தேதிக்கு நாள்காட்டி வைப்பதை நான் அறவே நிறுத்திவிட்டேன். 2025-இல் உட்கார்ந்துகொண்டு 1958-இல் பிறந்த ஒருவர் மாதம் மாதமாகப் பின்னால் போனால் 800 தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். கை நடுங்குபவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எளிய கட்டங்கள் போதும். 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்ற கட்டத்தையும் எடுத்துவிடுங்கள். ஒற்றைப் பெயரும் ஒரு முன்னெழுத்தும் உள்ள ஊரில் அந்தக் கட்டத்தில் ஆளுக்கொன்றை எழுதுவார்கள், பிறகு மருத்துவமனைப் பதிவேட்டோடு ஒத்துப்போகாது.

ஓடிபி வருவதற்குள் பக்கம் செத்துவிடுகிறது

இது மலைக்கென்றே அமைந்த கோளாறு. மஞ்சூர்ப் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் செய்துகாட்டச் சொன்னேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. ஓடிபி கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினார். முழங்கால் வலியோடு மெதுவாக. எண் வந்தது. அதை அங்கேயே தட்டினார். 'நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்.' பெயர், வயது, முகவரி எல்லாம் போயிருந்தன. "இப்படி ஏறி எறங்கறதுக்கு நான் ஆஸ்பத்திரிக்கே நடந்து போயிருவேன் கண்ணு" என்றார்.

சிக்னலை நம்மால் திருத்த முடியாது, நேரத்தை முடியும். உலக அளவில் பின்பற்றப்படும் வலை அணுகல் வழிகாட்டி சொல்வது இது: நேர வரம்பு வைத்தால், முடியும் முன்பு எச்சரிக்க வேண்டும், ஒரு எளிய செயலால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி தர வேண்டும், அப்படிப் 10 தடவையாவது நீட்டிக்க விட வேண்டும். நாங்கள் அதோடு நிற்காமல், நேரம் முடிந்தாலும் நிரப்பியதைக் காப்பாற்றி வைத்தோம். ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டங்கள் வேண்டாம், ஒரே கட்டம் போடுங்கள். ஆறு கட்டம் பார்க்க அழகு. டாக்பேக்கில் ஆறு தடவை தேய்க்க வேண்டும், பெரும்பாலும் ஒட்டவும் முடியாது. குறுஞ்செய்தியிலிருந்து எண் தானாக நிரம்பும் பண்பையும் போட்டுவிடுங்கள்.

வளைந்து நெளிந்த எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்சா எதற்கு? ஓடிபி கேட்கிறோமே, அதற்கு மேல் மனிதன்தான் என்று நிரூபிக்க என்ன இருக்கிறது? ஒலி கேப்சா உண்டே என்பார்கள். கரகரப்புக்கு நடுவே ஆங்கில எழுத்துகளைச் சொல்லும் அந்த ஒலியை நானே மூன்று முயற்சியில் ஒரு தடவைதான் சரியாகப் பிடித்தேன்.

கேப்சாவுக்குப் பதில் ரோபோவுக்குப் பொறியாக ஒரு மறைவுக் கட்டம் வைப்பது நல்ல உத்திதான். ஆனால் ஒரு குழி இருக்கிறது. கட்டத்தைத் திரைக்கு வெளியே தள்ளி மட்டும் மறைத்தால், கண் தெரிந்தவருக்குத் தெரியாது, ஸ்கிரீன் ரீடர் மட்டும் வாசித்துவிடும். பார்வையற்றவர் கடமையாக அதை நிரப்புவார். தளம் அவரை ரோபோ என்று விரட்டிவிடும். டிஸ்ப்ளே நன் (display: none) என்று முழுவதுமாக மறையுங்கள்.

பிடிஎஃப் திறக்கிறது, வாசிப்பது மட்டும் தமிழே இல்லை

டாக்டர்கள் வரும் நாள், முகாம் அறிவிப்பு, சான்றிதழுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல். நோயாளிக்கு உண்மையில் தேவையான எல்லாமே பிடிஎஃப்பில்தான் கிடக்கும். அதில் மூன்று விதமான நோய் உண்டு. முதலில் ஒரு சோதனை: ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாளை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உட்கார்ந்து தட்டச்சு செய்யுங்கள். ஒரு பக்கம்தானே.

ஆங்கில எழுத்துகள் குப்பையாக ஒட்டினால் அது பழைய எழுத்துரு. பாமினி போன்றவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். நீங்கள் 'தமிழ்' என்று பார்ப்பது ஸ்கிரீன் ரீடருக்கு 'ஜே கே பி ஓ'. எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. அலுவலகங்களில் பழைய விசைப்பலகைப் பழக்கம் இன்னும் விடவில்லை. குற்றம் சொல்ல மனம் வரவில்லை, இருபது வருடம் அப்படி அடித்த விரல்கள் அவை. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு தடவை படித்துப் பார்த்து ஏற்றுங்கள். எண்களையும் நிறுத்தக்குறிகளையும் கூர்ந்து பாருங்கள், மாற்றி அங்கேதான் சறுக்கும்.

தமிழே ஒட்டுகிறது, ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிக் கிடக்கின்றன என்றால், யூனிகோடில் அடித்ததைப் பிடிஎஃப் ஆக்கியபோது குழம்பியிருக்கிறது. அச்சிடும் வழியாக இல்லாமல், சொல்செயலியிலிருந்தே 'பிடிஎஃப் ஆகச் சேமி' என்று கொடுத்துப் பாருங்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? ஒரு பக்க அறிவிப்பைச் சாதாரண வலைப்பக்கமாகவே போட்டால் மூன்று நோயும் வராது. போனில் சிக்னல் குறைவாக இருந்தாலும் திறக்கும். முகப்பில் வாட்ஸப்பில் வந்த முகாம் போஸ்டரை ஒட்டும் பழக்கத்துக்கும் இதே பதில்தான். தேதி, இடம், நேரம், கொண்டுவர வேண்டியவை ஆகியவற்றை எழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் போஸ்டரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் நேர அட்டவணையில் தலைப்புக் கட்டங்களைத் தலைப்பு என்று குறிக்காவிட்டால், கேட்பவருக்கு '10 முதல் 12' என்று மட்டும் வரும். எந்த டாக்டர், எந்தக் கிழமை? கட்டங்களை இணைத்து அலங்கரிக்காதீர்கள். பச்சைப் புள்ளி இருந்தால் ஓபி உண்டு, சிவப்பு என்றால் இல்லை என்பதும் வேண்டாம். 'உண்டு', 'இல்லை' என்று தமிழில் இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன.

டேப் விசையை அழுத்தினால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை

குவியம் நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் கோட்டை, அழகு கெடுகிறது என்று யாரோ நீக்கியிருக்கிறார்கள். திரும்பப் போடுங்கள், தடிமனாகவே. வாழ்த்துப் பேனர் ஒன்று மேலே விழுந்து, மவுசால் மட்டுமே மூட முடிகிறதா? எஸ்கேப் விசைக்கு மூடட்டும். பக்கத்தின் முதல் இணைப்பாக 'முக்கியப் பகுதிக்குச் செல்ல' வைத்தால் இருபது மெனுக்களைத் தாண்டும் வேலை மிச்சம்.

பெரிதாக்கினால் எழுத்து வெட்டுப்படுகிறது

ஆங்கிலத்துக்கு வடிவமைத்த பெட்டியில் தமிழை ஊற்றுவதால் வருவது. 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்ற ஒரே சொல் போனில் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் பட்டனை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பட்டனுக்கு நிலையான அகலமும் உயரமும் தராதீர்கள், சொல் மடங்க விடுங்கள். வரி உயரத்தையும் கூட்டுங்கள். நமக்கு மேலேயும் கொக்கி, கீழேயும் சுழி. நெருக்கினால் 'கி'யின் தலையோ 'கூ'வின் காலோ போய்விடும். இரண்டு விரலால் பெரிதாக்க முடியாதபடி பூட்டியிருந்தால் அந்தப் பூட்டை உடனே எடுங்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த நடுச்சாம்பல் ஒன்று வெள்ளையில் 4.48-இல் மயிரிழையில் தோற்கும். வெளிறினால் தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. பிறகு 'ன', 'ண' குழப்பம். பனி விலகிப் பளீரென்று வெயில் அடிக்கும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று போனைப் பாருங்கள், கண்ணாடி போடாதவருக்கும் விளங்கிவிடும்.

'தொடர்புக்கு 104' என்பதோடு நிற்கிறது

காது கேளாதவர் 104-க்கு எப்படிப் பேசுவார்? போன் எண்ணோடு குறுஞ்செய்தியோ வாட்ஸப்போ மின்னஞ்சலோ ஏதாவது ஒரு எழுத்து வழி வேண்டும். அதற்கு யாராவது பதில் எழுதவும் வேண்டும். எண்ணை வைத்துவிட்டு யாரும் பார்க்காத வாட்ஸப்பை நான் கண்டிருக்கிறேன்.

வீடியோவுக்குத் தமிழ் வசன வரி கட்டாயம். தானாக உருவானதை அப்படியே விடாதீர்கள், மருந்துப் பெயரையும் எண்ணையும் அது எப்படியாவது எழுதிவைக்கும். பிறவியிலேயே கேளாதவர் பலருக்கு முதல் மொழி சைகைதான், எழுத்துத் தமிழ் இரண்டாவது. அதனால் முக்கியமான அறிவிப்புகளுக்காவது சைகைமொழி வீடியோ வேண்டும்.

எல்லாம் வாசிக்கிறது, ஆனால் புரியவில்லை

'உட்சுரப்பியல்', 'கதிரியக்கவியல்', 'புறநோயாளிகள் பிரிவு'. வரிசையில் நிற்பவர்கள் சொல்வது 'தைராய்டு டாக்டர்', 'எக்ஸ்ரே', 'ஓபி'. இரண்டையும் எழுதுங்கள், மக்கள் சொல் முன்னால் வரட்டும். தூய தமிழ் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் காய்ச்சலோடு வருபவரிடம் அகராதியை நீட்ட முடியாது.

இங்கே இன்னொரு அடுக்கும் இருக்கிறது. படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் என்று வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள். தமிழ் பேசுவார்கள், அலுவலகத் தமிழ் எழுத்து எல்லாருக்கும் ஓடாது. முக்கியமான நான்கைந்து பக்கங்களுக்கு அந்தந்த மொழிக்காரர் குரலிலேயே ஒரு நிமிட ஒலிப்பதிவு வைக்கலாம். தானாக ஓட விடாதீர்கள், ஸ்கிரீன் ரீடரின் குரலோடு மோதும். அழுத்தினால் ஓடட்டும்.

'இதெல்லாம் கட்டாயமா?' என்று மேலிடம் கேட்கிறது

ஆம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றியது. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. ஐஎஸ் 17802 என்று இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

கூட்டத்தில் இதைவிட எடுபட்டது வேறொன்று. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயும் ஒன்று. நீலகிரிப் பழங்குடியினரிடம் அதற்கான மரபுக்கூறு இருப்பது 1952-லேயே மருத்துவ இதழில் பதிவானது. வலி எடுக்கும் நாளில் விரல் மடங்காமல் படிவம் நிரப்பும் பையனை 'மாற்றுத்திறனாளி' என்று யாரும் பார்த்து அறிய முடியாது. சக்கர நாற்காலிப் படத்தை மட்டும் மனதில் வைத்துத் தளம் கட்டினால் அவன் கணக்கிலேயே வரமாட்டான். பட்டன்களைப் பெரிதாக்கவும் இடைவெளி விடவும் அன்றைக்குத்தான் அனுமதி கிடைத்தது. மேலே சொன்ன உலக வலை அணுகல் வழிகாட்டியின் புதிய பதிப்பு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் கேட்கிறது, நாங்கள் அதைப்போல் இருமடங்கு வைத்தோம்.

ஓரத்தில் சக்கர நாற்காலி ஐகானை ஒட்டியாயிற்றே?

ஒரே வரி நிரலில் தளம் முழுவதையும் சரிசெய்வதாகச் சொல்லி விற்கப்படும் செருகியைச் சொல்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தைத் தலைகீழாக்கும். அதையெல்லாம் போனே செய்யும். பெயரில்லாத பட்டனுக்கு அது என்ன பெயர் வைக்கும்? ஸ்கேன் பிடிஎஃப்பை எப்படி வாசிக்கும்? அந்தக் காசுக்குப் பார்வையற்ற ஒருவரைக் கூலி கொடுத்து இரண்டு நாள் சோதிக்கச் சொல்லுங்கள்.

வழி சரி, வாசல் தெரியவில்லை

வரைபடத்தை மட்டும் பதித்துவிட்டு முகவரி முடிந்தது என்று விடாதீர்கள். மலையில் ஒரே கட்டடத்துக்கு மேல் வாசலும் கீழ் வாசலும் இருக்கும். ஒன்றில் சமதளம், மற்றதில் முப்பது படி. பஸ்ஸில் எங்கே இறங்குவது, எந்த வாசலில் சாய்தளம், சக்கர நாற்காலி எங்கே கிடைக்கும், ஓபி எந்த மாடியில். நான்கு வரி எழுத்தில் போடுங்கள். எந்தக் கருவியும் இது இல்லை என்று உங்களிடம் சொல்லாது.

எல்லாவற்றையும் முடித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்று மாலை அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு. "தம்பி, டோக்கன் வந்திருச்சு, பதினாலாம் நம்பர். ஆனா கடைசில 'சமர்ப்பிக்கவும் சமர்ப்பிக்கவும்'னு ரெண்டு தடவை சொல்லுது பாரு. ஒரு தடவை அழுத்தணுமா, ரெண்டு தடவையான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன்."

பட்டனுக்குள் எழுத்தும் இருந்தது, ஐகான் படத்தின் மாற்றுரையிலும் (படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் எழுத்து) அதே சொல் இருந்தது. எழுத்து இருக்கும் இடத்தில் படத்தின் மாற்றுரையை வெறுமையாக விட வேண்டும். விட்டேன். 'சமர்ப்பிக்கவும்' என்பதையும் 'டோக்கன் போடு' என்று மாற்றினேன்.